உள்ளூர்க் கொடுவா மீன்... ஆனால் அதன் சாப்பாடு எந்த ஊர்?

பேரங்காடியில் மீன் வாங்கும்போது கவனித்திருப்பீர்கள். சில பொட்டலங்களில் உள்ளூரில் வளர்க்கப்பட்டது என்று ஓர் ஒட்டுவில்லை இருக்கும். பல நேரங்களில் அது கொடுவாவாக இருக்கும். மலாய் மொழியில் சியாக்காப். உணவகப் பட்டியலில் சீ பாஸ் அல்லது பாராமுண்டி. பெயர்தான் வேறு வேறு, மீன் ஒன்றுதான்.

ஜொகூர் நீரிணையில் மிதக்கும் வலைக்கூண்டிலோ கரையோரத் தொட்டியிலோ வளர்ந்து, விமானமோ கப்பலோ ஏறாமல் நேரே கடைக்கு வந்த மீன். அதுவரை சரி.

ஆனால் அந்த மீன் எதைச் சாப்பிட்டு வளர்ந்தது?

அதன் தீவனத்தில் இருக்கும் மீன்தூள் தென்னமெரிக்காவின் பெருவிலிருந்து வந்திருக்கலாம். சோயா பிரேசிலிலோ அமெரிக்காவிலோ விளைந்திருக்கலாம். சிங்கப்பூரில் சோயா வயலும் இல்லை, மீன்தூள் ஆலைக்குக் கொட்டும் அளவுக்கு மீன் பிடிக்கும் கடலும் இல்லை. மீன் உள்ளூர், சாப்பாடு வெளியூர். அப்படித்தான் நிலைமை.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

2030ஆம் ஆண்டுக்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்வது என்று 2019இல் சிங்கப்பூர் ஓர் இலக்கு வைத்தது நினைவிருக்கும். சென்ற 2025 நவம்பரில் அந்த இலக்கு மாற்றப்பட்டது. புதிய கணக்குப்படி, 2035க்குள் நாம் சாப்பிடும் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடும் புரத உணவில் 30 விழுக்காடும் உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வர வேண்டும்.

இங்கே புரதம் என்பது இரண்டே பொருள்கள்: முட்டை, கடலுணவு.

முட்டையில் பிரச்சினை அவ்வளவு இல்லை. நாம் சாப்பிடும் முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளில் உற்பத்தியாகிறது. கடலுணவு பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதைக் கூட்ட வேண்டும் என்றால் மீன் பண்ணைகள் கூடுதலாக வளர்க்க வேண்டும். கூடுதலாக வளர்த்தால் கூடுதலாகத் தீவனம் வேண்டும். பொதுவாக ஒரு மீன் பண்ணை நடத்த ஆகும் செலவில் பாதியோ அதற்கு மேலோ தீவனத்துக்கே போய்விடும். ஆக, எங்கோ ஒரு கடலில் மீன் கிடைக்காமல் போனால் அந்த அடி இங்கே லிம் சூ காங்கில் விழும்.

உணவுப் பாதுகாப்புக்காகத்தான் உள்ளூரில் மீன் வளர்க்கிறோம். அந்த மீனின் உணவுக்கு யார் பாதுகாப்பு? கேள்வி இதுதான்.

மீனுக்கு ஏன் மீனையே போடுகிறார்கள்?

கொடுவா ஒரு வேட்டை மீன். கடலிலும் கழிமுகத்திலும் சின்ன மீனையும் இறாலையும் பிடித்துத் தின்று வளர்வது. அதன் குடலும் உடம்பும் அதற்கேற்ப அமைந்தவை. தீவனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதமே இருக்க வேண்டும். மாவுச்சத்தை நிறையப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

முன்பு தென்கிழக்காசியப் பண்ணைகளில் எளிய வழி ஒன்று இருந்தது, இன்றும் பல இடங்களில் இருக்கிறது. வலையில் சிக்கும் விலைபோகாத பொடிமீன்களை வாங்கி, வெட்டி, அப்படியே கூண்டுக்குள் கொட்டுவது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இந்தப் பொடிமீன் குவியலைச் சங்காயம் என்பார்கள், அங்கே அது கோழித் தீவனத்துக்குப் போகும். இந்த முறையில் ஒரு கிலோ கொடுவா வளர நான்கைந்து கிலோ பொடிமீன், சில நேரம் அதைவிடவும் கூடுதலாகத் தேவைப்படும். தின்னாமல் விட்டது அடியில் படிந்து அழுகித் தண்ணீரையும் கெடுக்கும். நோய்க்கிருமியும் சேர்ந்து வரும்.

அதற்குப் பதிலாக வந்தவைதான் குச்சித் தீவனமும் உருண்டைத் தீவனமும். மீன்தூள், சோயாத் தூள், கோதுமை, மீன் எண்ணெய், வைட்டமின் எல்லாம் கலந்து ஆலையில் அழுத்திச் செய்வது. இதில் ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தீவனம் போதும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் தட்டுக்கு வரும் 600 கிராம் கொடுவா ஒன்று. அது வளர 900 கிராம் தீவனம் தின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தீவனத்தில் 30 விழுக்காடு மீன்தூள் என்றால் 270 கிராம். ஒரு கிலோ மீன்தூள் எடுக்க ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை மீன் வேண்டும், ஏனென்றால் மீனில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்படியானால் 270 கிராம் மீன்தூளுக்கு 1.2 கிலோ மீன்.

600 கிராம் மீன் கிடைக்க 1.2 கிலோ மீன். அதாவது இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். உலகில் தயாராகும் மீன்தூளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, மீனைச் சுத்தம் செய்யும்போது கழியும் தலை, முள், குடலிலிருந்து வருகிறது. அது எப்படியும் குப்பைக்குப் போகவேண்டியதுதான். தீவனத்துக்குத் தீவனம் மீன்தூள் அளவும் மாறும். ஆகவே எல்லாக் கொடுவாவுக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனாலும் மீன் வளர்ப்பு கடலைக் காப்பாற்றுகிறது என்று யாராவது சொன்னால், எந்த மீன், எதைத் தின்ற மீன் என்று திருப்பிக் கேட்கலாம்.

நாசி லெமாக்கில் இருக்கும் அதே குடும்பம்

நாசி லெமாக்கின் ஓரத்தில் பொரித்து வைக்கும் இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலி. அதன் தூரத்து உறவுக்கார மீன் ஒன்று பெருவின் கடலோரத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. பெயர் ஆன்ச்சோவெட்டா. உலகில் எந்த ஒரு மீன் இனத்தையும்விட அதிகமாகப் பிடிக்கப்படும் மீன்களில் அது ஒன்று. பிடிப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே நேராக ஆலைக்குப் போய்த் தூளாகவும் எண்ணெயாகவும் மாறுகிறது. உலக மீன்தூளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெருவிலிருந்து வருகிறது.

அந்தக் கடல் வளமாக இருக்கக் காரணம் ஆழத்திலிருந்து மேலெழும்பும் குளிர்ந்த நீர். எல் நினோ வந்தால் கடல் சூடாகும், குளிர்நீர் மேலே வராது, மீன் கூட்டம் குறையும் அல்லது ஆழத்துக்கும் கரையோரத்துக்கும் ஒதுங்கிவிடும். 2023இல் அதுதான் நடந்தது. வலையில் விழுந்தவற்றில் குஞ்சு மீன்கள் மிக அதிகம் என்று தெரிந்ததும் அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே பெரு அரசாங்கம் ரத்து செய்தது. மீன்தூள் விலை ஏறியது. மீன் எண்ணெய் விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது.

அது சரியான முடிவுதான். குஞ்சுகளைப் பிடித்துத் தூளாக்கியிருந்தால் அடுத்த ஆண்டு பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது. 2024இல் மீன் திரும்பியது, விலையும் இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெருவிலாவது கட்டுப்பாடு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கதை வேறு. மொரிட்டேனியா, செனகல், காம்பியா கடற்கரைகளில் மீன்தூள் ஆலைகள் பெருகின. அங்கே ஆலைக்குப் போவது மத்தி இனத்தைச் சேர்ந்த சார்டினெல்லா. நம் வீட்டில் மத்தி எப்படியோ அப்படித்தான் அந்த மக்களுக்கு அது: மலிவான, அன்றாட மீன். பெண்கள் அதைப் புகையிட்டும் உலர்த்தியும் ஊர் ஊராக விற்றுப் பிழைத்தவர்கள். ஆலை கூடுதல் விலை கொடுக்கும்போது படகுக்காரர் ஆலைக்குத்தானே விற்பார்? ஆலைகள் ஆண்டுதோறும் விழுங்கும் மீன் அரை மில்லியன் டன்னுக்கு மேல் என்றும், அதை வைத்து அந்த வட்டாரத்தில் 33 மில்லியன் பேருக்கு உணவு கொடுக்கலாம் என்றும் கிரீன்பீஸ் ஆப்பிரிக்கா அமைப்பும் சேஞ்சிங் மார்க்கெட்ஸ் அமைப்பும் 2021இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது.

ஏழை சாப்பிடும் மீனைத் தூளாக்கி, பணக்கார நாடுகள் சாப்பிடும் மீனுக்குப் போடுவது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையே தேவை கூடிக்கொண்டே போகிறது. கடலில் பிடிக்கும் அளவு 1980களின் கடைசியிலிருந்தே பெரிதாகக் கூடவில்லை. பண்ணை மீன்தான் கூடுகிறது. 2022இல் முதன்முறையாக, மீன், இறால் போன்ற நீர்வாழ் உயிரினங்களின் உலக உற்பத்தியில் பிடித்ததைவிட வளர்த்தது அதிகமானது: 94.4 மில்லியன் டன், மொத்தத்தில் 51 விழுக்காடு. ஐக்கிய நாட்டு உணவு, வேளாண் நிறுவனத்தின் கணக்கு இது.

மீனுக்குத் தேவை மீனா, சத்தா?

தீவன ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொடுவாவுக்கு உண்மையில் வேண்டியது மீன்தூள் என்ற பொருள் அல்ல. அதற்குள் இருக்கும் அமினோ அமிலங்கள், ஒமேகா-3 கொழுப்பு, தாதுக்கள், டாரின் போன்ற சில சேர்மங்கள், அப்புறம் வாயில் போட்டால் துப்பாமல் விழுங்க வைக்கும் அந்த வாசனை. இவை எல்லாம் வேறு எங்கிருந்தாவது கிடைத்தால் மீன்தூள் இல்லாமலும் மீன் வளரும்.

சிக்கல் எங்கே என்றால், இத்தனையும் ஒரே பொருளில், சரியான அளவில், எளிதில் செரிக்கும் வடிவில் மீன்தூளில்தான் இருக்கிறது. மாற்றுப் பொருள் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று குறையும்.

வீட்டில் கறித்தூள் அரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லி குறைந்தால் மிளகாயைக் கூட்டிச் சரிக்கட்ட முடியாது. தீவன ஆலையும் அப்படித்தான் கலக்கிறது. ஒவ்வொரு சத்தும் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று கணினிக்குச் சொல்வார்கள். அன்றைய சந்தை விலையில் எந்தக் கலவை மலிவோ அதைக் கணினி சொல்லும். இந்த வாரம் ஒரு கலவை, விலை மாறினால் அடுத்த மாதம் வேறு கலவை.

முதலில் வந்தது சோயா

மாற்றுத் தீவனம் என்றதும் புழு, பாசி என்று புதுமையாக ஏதோ நினைவுக்கு வரும். ஆனால் பெரிய மாற்றம் ஏற்கெனவே சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது. செய்தது சோயாவும் கடுகு இன எண்ணெயும்.

நார்வே சால்மனைப் பாருங்கள். 1990இல் அதன் தீவனத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு கடலிலிருந்து வந்த பொருள்கள். 2020இல் அது கால்வாசிக்கும் கீழே. முப்பது ஆண்டுகளில் ஒரு வேட்டை மீனை முக்கால்வாசி சைவமாக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

விலை இல்லாமல் நடக்கவில்லை. சாதாரண சோயாத் தூளில் உள்ள சில பொருள்கள் சால்மனின் குடலைப் புண்ணாக்கின, அதனால் அவற்றை நீக்கிப் புரதத்தை மட்டும் செறிவாக்க வேண்டியிருந்தது. சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டாரின் அறவே கிடையாது. பிரேசிலில் சோயாவுக்காகக் காடு அழிகிறது என்ற குற்றச்சாட்டு இன்னொரு பக்கம்.

நம்மைப் போல் சாப்பிடுகிறவர்களுக்கு நேரடியாகப் படும் விஷயம் வேறு. மீனில் ஒமேகா-3 இருக்கிறது, இதயத்துக்கு நல்லது என்றுதானே சால்மன் வாங்குகிறோம்? அந்த ஒமேகா-3ஐ மீன் தானாகப் பெரிதாக உண்டாக்குவதில்லை, தின்னும் உணவிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறது. தீவனத்தில் மீன் எண்ணெய் குறைந்ததும் மீனிலும் குறைந்தது. ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனை ஆராய்ந்த ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தினர், 2006க்கும் 2015க்கும் இடையே அதில் உள்ள முக்கிய ஒமேகா-3 கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டதாகக் கண்டார்கள். அப்போதும் பல உணவுகளைவிட அதில் அதிகம்தான். ஆனால் முன்பு ஒரு துண்டில் கிடைத்தது இப்போது இரண்டு துண்டில்.

புழு வந்தது, முதலீடும் வந்தது

கறுப்புச் சிப்பாய் ஈ. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும்.

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். காப்பிக்கடை மேசையில் உட்காரும் ஈ இல்லை இது. வளர்ந்த ஈ கடிக்காது, நம் சாப்பாட்டைத் தேடி வராது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில நாளில் செத்துவிடும். வேலை எல்லாம் புழுப் பருவத்தில்தான். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் பொரியும் புழு, கொடுத்ததை எல்லாம் தின்று இரண்டு வாரத்தில் பல ஆயிரம் மடங்கு எடை போடும். உலர்த்தினால் அதில் சுமார் 40 விழுக்காடு புரதம். கொழுப்பைப் பிழிந்து எடுத்துவிட்டால் மிச்சத்தில் பாதிக்கு மேல் புரதம். மீன்தூளுக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. புழு விட்ட எச்சம் உரமாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலையிலேயே பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்தில் அனுமதித்துவிட்டது. மீன்தூளில் ஒரு பகுதியைப் புழுத்தூளாக மாற்றிய பல சோதனைகளில் மீன் நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

சிங்கப்பூர்க்காரருக்கு இங்கே ஓர் ஆசை வரும். 2023இல் நாம் உண்டாக்கிய உணவுக் கழிவு சுமார் 755,000 டன். அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடுதான். மிச்சத்தைப் புழுவுக்குப் போட்டு, புழுவை மீனுக்குப் போட்டு, மீனை நாம் சாப்பிட்டால்? கழிவுக்கும் தீர்வு, தீவனத்துக்கும் தீர்வு.

கேட்கும்போதே பிடித்துப்போகும் யோசனை. அதனால்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உணவங்காடித் தட்டில் மிஞ்சுவது மீ கோரெங், எலும்பு, மெல்லிழைத்தாள், நெகிழி உறிஞ்சுகுழல் எல்லாம் கலந்த ஒரு கலவை. உப்பும் எண்ணெயும் அதிகம். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. புழுவின் தரமும் அதற்கேற்ப மாறும். கிருமி, கன உலோகம் பற்றிய கவலையும் உண்டு. ஐரோப்பாவில் சமையலறை மிச்சத்தைத் தீவனப் பூச்சிகளுக்குப் போடவே அனுமதி இல்லை. ஆகவே பெரும்பாலான ஆலைகள் கேட்பது சுத்தமான, ஒரே சீரான கழிவை: பியர் வடித்தபின் மிஞ்சும் தானியச் சக்கை, சோயாப்பால் பிழிந்த ஒக்காரா, தவிடு. சோயாப்பாலும் தோஃபுவும் செய்யும்போது சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் ஒக்காரா மிஞ்சுவதாக நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சொல்லியிருக்கிறது. அது பயன்படும். ஆனால் தவிடும் தானியச் சக்கையும் பல நாடுகளில் ஏற்கெனவே ஆடு மாடுகள் தின்பவை. மாடு நேரே தின்னக்கூடியதைப் புழுவுக்குக் கொடுத்து, அந்தப் புழுவை மீனுக்குக் கொடுத்தால் என்ன மிச்சம்? ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

விலை இன்னும் பெரிய தலைவலி. மீன்தூள் சாதாரணமாக டன்னுக்கு 1,500 முதல் 2,000 அமெரிக்க டாலர் என்ற வாக்கில் விற்கும். பூச்சிப் புரதத்தின் விலை அப்போது டன்னுக்கு 3,500 முதல் 5,500 யூரோ என்று ராபோபேங்க் வங்கி 2021இல் கணித்தது. இரண்டு மடங்குக்கு மேல்.

இன்செக்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் இந்தத் துறையின் நட்சத்திரமாக இருந்தது. மாவுப்புழு வளர்க்கப் பிரம்மாண்டமான ஆலை கட்டியது, சுமார் 600 மில்லியன் யூரோ திரட்டியது. 2024 செப்டம்பரில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2025 டிசம்பரில் அதைக் கலைக்க உத்தரவானது. பணமும் தொழில்நுட்பமும் இருந்தும், மலிவான மீன்தூளோடும் சோயாவோடும் போட்டி போட முடியவில்லை.

சிங்கப்பூரிலும் ஒரு சின்ன உதாரணம் உண்டு. 2017இல் தொடங்கிய இன்செக்டா (பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்பில்லை, பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று) இங்கே நகருக்குள் கறுப்புச் சிப்பாய் ஈ வளர்த்த முதல் பண்ணை. பிறகு அது புழுவிலிருந்தும் ஈயிலிருந்தும் மெலனின், கைட்டோசான் போன்ற பொருள்களைப் பிரித்தெடுக்கும் பக்கம் கவனத்தைத் திருப்பியது. மருத்துவத்துக்கும் மின்னணுத் துறைக்கும் பயன்படக்கூடியவை அவை. தீவனமாக விற்றால் வரும் காசைவிட அதில் பல மடங்கு வரும். வியாபாரமாகப் பார்த்தால் புத்திசாலித்தனம். மீனுக்குத்தான் புழு கிடைக்கவில்லை.

நம் வட்டாரத்துக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. இந்தப் புழுவுக்கு வெதுவெதுப்பு வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கச் சூடேற்றியாக வேண்டும், மின்கட்டணம் எகிறும். ஜொகூரிலும் இந்தோனேசியாவிலும் அந்தச் செலவு இல்லை. புழுத்தூள் மலிவாக வருமானால் அது இந்தப் பக்கத்திலிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கழிவுநீரில் வளரும் புரதம்

சத்தமில்லாமல் நடந்த ஓர் உள்ளூர் ஆராய்ச்சி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

சோயா பதப்படுத்தும் ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் சத்து நிறைய இருக்கும். அப்படியே வடிகாலில் விட முடியாது, சுத்திகரிக்கச் செலவாகும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியினரும் அந்தக் கழிவுநீரில் நுண்ணுயிரிகளை வளர்த்தார்கள். அவை சத்தைத் தின்று பெருகும். பெருகியவற்றை வடித்து உலர்த்தினால் புரதத் தூள். நீரும் ஓரளவு சுத்தமாகிறது.

அந்தத் தூளைக் கொடுவாக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான தீவனம். இன்னொரு கூட்டத்துக்கு, மீன்தூளில் பாதியை எடுத்துவிட்டு நுண்ணுயிர்ப் புரதம். 24 நாள். 2023இல் வெளியான முடிவு: இரண்டு கூட்டமும் ஒரே அளவு வளர்ந்தன. புதிய தீவனம் தின்றவை இன்னும் சீராக, ஒன்றுபோல் வளர்ந்தன.

சீராக வளர்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கொடுவாக் குஞ்சுகளில் பெரியது சின்னதைத் தின்றுவிடும்! அதற்காகவே பண்ணைகளில் குஞ்சுகளை அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். எல்லாம் ஒரே அளவில் வளர்ந்தால் அந்த வேலையும் இழப்பும் குறையும்.

24 நாள் என்பது குறுகிய காலம்தான். கடைக்கு வரும் அளவுக்கு ஒரு கொடுவா வளரப் பல மாதம் ஆகும். அத்தனை மாதமும் கடல்கூண்டில், வெயிலிலும் மழையிலும், பாசிப் பெருக்கத்திலும் இதே தீவனம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனாலும் இங்கேயே கிடைக்கும் கழிவு, இங்கேயே நாம் வளர்க்கும் மீன், இரண்டையும் நேராக இணைத்த வேலை என்பதால் இதைத் தனியாகச் சொன்னேன்.

இதே உத்தியைப் பெரிய அளவில் செய்பவர்களும் இருக்கிறார்கள். சீனாவின் சோங்சிங்கில் 2022இல் இயங்கத் தொடங்கிய ஆலை ஒன்று, மீத்தேன் வாயுவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்த்துத் தீவனப் புரதம் செய்கிறது. ஆண்டுக்கு 20,000 டன் செய்யும் திறனோடு கட்டியது. வயலும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஆனால் அந்த மீத்தேன் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மீனைக் காப்பாற்றப் புதைபடிவ எரிபொருளா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

எண்ணெய்க்கு என்ன வழி?

புழுவும் பாக்டீரியாவும் புரதத்துக்குப் பதில் சொல்கின்றன. ஒமேகா-3க்குச் சொல்வதில்லை. புழுவின் கொழுப்பு தேங்காய் எண்ணெயின் சாயலில் இருக்கும், மீன் எண்ணெயில் உள்ள இபிஏ, டிஎச்ஏ கொழுப்புகள் அதில் மிகக் குறைவு.

கடலில் அந்தக் கொழுப்பை முதலில் உண்டாக்குவது நுண்பாசிகளும் அவற்றை ஒத்த நுண்ணுயிர்களும். அவற்றைச் சின்ன உயிரினம் தின்ன, அதை நெத்திலி தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, இப்படி மேலே ஏறுகிறது. நடுவில் இருக்கும் நெத்திலியை விட்டுவிட்டு நேரே நுண்ணுயிரிடமே போனால் என்ன? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2019இல் திறந்த வெராமாரிஸ் ஆலை அதைத்தான் செய்கிறது. மூடிய தொட்டிகளில் சர்க்கரை கொடுத்து நுண்ணுயிரை வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். சால்மன் தீவனத்தில் இது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. என் கணிப்பில், மாற்றுப் பொருள்களில் வேர் பிடித்து நிற்கும் என்று நம்பக்கூடிய ஒன்று இது. ஏனென்றால் மீன் எண்ணெய்க்கு வேறு ஈடு அதிகம் இல்லை, அதன் விலையும் அடிக்கடி எகிறுகிறது.

அப்போ தடை எங்கே?

தொழில்நுட்பம் ஓரளவு தயார். மீனும் தின்னத் தயார். தீவன ஆலையின் கணினிதான் தயாராக இல்லை.

பெருவில் மீன் கிடைக்காத ஆண்டில் மீன்தூள் விலை ஏறும். உடனே எல்லாருக்கும் புழுவும் பாசியும் நினைவுக்கு வரும், முதலீடு வரும், ஆலை கட்டத் தொடங்குவார்கள். கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் கடல் குளிர்ந்து, நெத்திலி திரும்பி, மீன்தூள் விலை இறங்கியிருக்கும். கணினி மறுபடியும் மீன்தூளையே தேர்ந்தெடுக்கும். புது ஆலையின் சரக்கு வாங்க ஆள் இருக்காது.

உள்ளூர்ப் பண்ணைக்காரரின் நிலையையும் பாருங்கள். அவர் வளர்க்கும் கொடுவா, மலேசியாவிலிருந்து வரும் கொடுவாவோடு ஈரச்சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே நிலமும் ஆள்கூலியும் மலிவு. இவருடைய மீன் ஏற்கெனவே விலை கூட. இதில் கூடுதல் காசு கொடுத்து நல்ல தீவனம் வாங்கு என்றால், அந்தக் காசை யாரிடம் கேட்பார்? வாங்குகிற நம்மில் எத்தனை பேர் கிலோவுக்கு இரண்டு வெள்ளி கூடுதலாகக் கொடுப்போம்?

அதனால் இதைச் சந்தையிடம் மட்டும் விட்டால் போதாது என்பது என் கருத்து. உள்ளூர்ப் புரத இலக்கில் மீன் எவ்வளவு என்று எண்ணுவதோடு, அந்த மீனின் தீவனத்தில் எத்தனை விழுக்காடு இந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்றும் எண்ணத் தொடங்கினால், நீண்டகால ஒப்பந்தம், ஆய்வு நிதி, கழிவுநீர் ஆலைகளோடு இணைப்பு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். எல்லா மீனும் வேட்டை மீன் இல்லை. மடவை பாசியையும் சேற்றிலுள்ள சத்தையும் மேய்வது. பால்மீனும் பெரும்பாலும் பாசி தின்பது. திலாப்பியா, கெண்டை போன்றவற்றுக்குத் தீவனத்தில் மீன்தூள் கொஞ்சம் போதும், சில நேரம் தேவையே இல்லை. இவற்றில் மடவையும் பால்மீனும் சிங்கப்பூர்ப் பண்ணைகளிலேயே வளர்கின்றன. பால்மீனில் முள் அதிகம், உண்மைதான். அதைக் கஞ்சியில் போட்டும் உருண்டையாகப் பிடித்தும் சாப்பிடத் தெரிந்தவர்கள் பிலிப்பீன்ஸிலும் தைவானிலும் நிறையப் பேர். மடவையைக் குழம்பு வைக்க நம் வீட்டுப் பாட்டிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையில் நிற்கும்போது இன்றைக்கு எந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாலும் மீன் எங்கே வளர்ந்தது என்று இருக்கும், என்ன தின்றது என்று பெரும்பாலும் இருக்காது. ஏஎஸ்சி எனப்படும் மீன்வளர்ப்புப் பொறுப்பு மன்றத்தின் பச்சை முத்திரை இருந்தால், தீவனம் வந்த வழியைப் பற்றியும் சில விதிமுறைகள் உண்டு. அது இல்லாத மீன் என்றால் விற்பவரிடம் கேட்கலாம். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குச் சொல்வதற்காகவாவது பண்ணையிடம் விசாரித்து வைப்பார்.